பிள்ளைகள் அழாத அறை

தொழிலில் எல்லோரும் அவளை டிகிரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய டிகிரி என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரி வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் கையை ஒரு வீசு வீசி, "இருபத்தாறு டிகிரி" என்பாள். கருவியை வைத்துப் பார்த்தால் இருபத்தாறோ இருபத்தாறரையோ இருக்கும். நாற்பத்தாறு வயது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்ற பேச்சு. பெரிய எஞ்சினியர்களே அவளிடம் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பார்கள்.

புதுக் கட்டடங்களில் அறைக்கு அறை ரூம் கண்ட்ரோலர் பொருத்தி, ஓட வைத்து, சரிபார்த்துக் கொடுப்பது அவள் வேலை. டிபன் பாக்ஸ் அளவில் கூரைக்குள் ஒளிந்திருக்கும் சாதனம் அது. சுவரில் இருக்கும் சென்சார் சொல்வதைக் கேட்டுக் குளிரைக் கூட்டும், குறைக்கும். ஆள் கூடி, விட்ட மூச்சு அறையில் தேங்கினால், வெளிக்காற்றை உள்ளே விடும் டேம்பர் என்ற தகட்டுக் கதவைத் திறந்துவிடும். மகா வெகுளி. எதைச் சொன்னாலும் நம்பும்.

சோதனையே அதை ஏமாற்றித்தான் நடக்கும். கொளுத்துகிற வெயிலில் ஹீட்டரை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், "அறை பத்து டிகிரி" என்று லேப்டாப்பிலிருந்து ஒரு பொய் எண்ணை ஏற்றுவாள். ஹீட்டர் ஓடினால் சரி, பொய்யை எடுத்துவிடுவாள். எடுக்க மறந்தால், கண்ட்ரோலர் உள்ள காலம் வரை அதையே நம்பிக்கொண்டு கிடக்கும்.

மறக்காமலிருக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ஒரு பொய்க்கு ஒரு ரப்பர் பேண்ட், இடது மணிக்கட்டில். பொய்யை எடுத்ததும் கழற்றிப் பைக்குள் போடுவாள். கை வெறுமையாகாமல் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. இருபது வருடத்தில் ஒரு பொய்கூட அவளிடமிருந்து தப்பியதில்லை என்ற கர்வம் நிறையவே உண்டு. அடுத்தவன் விட்டுப்போனதைக் கண்டுபிடித்துவிட்டாலோ, அன்றைக்கு அவனை வெளுத்து வாங்கிவிடுவாள்.

ஒரு குழந்தைகள் காப்பகம் கட்டி முடிந்தபோதும் இவளைத்தான் கூப்பிட்டார்கள். சும்மா வருவாளா? அங்கேயே தன் தங்கைக்கு ஆயா வேலைக்கும் சொல்லி வைத்துவிட்டாள். தங்கையின் இரண்டு வயதுப் பெண்ணும் அங்கேயே இருந்துகொள்ளலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

எல்லா அறையும் முடிந்து, மதியம் பிள்ளைகள் தூங்கும் அறை மட்டும் பாக்கி நின்றது. தெருச் சத்தம் வரக்கூடாதென்று ஜன்னல் கண்ணாடிகளைத் திறக்க முடியாதபடி அடைத்திருந்தார்கள். எட்டுப் பிள்ளைகளுக்கென்று போட்ட சின்ன அறை. காற்றில் உள்ள கரியமில வாயுவை அளக்கும் சென்சார் மட்டும் வந்து சேரவில்லை.

சைட் மேனேஜருக்கு நெருப்பின் மேல் நிற்கிற அவசரம். "நாளைக்குத் திறக்கிறாங்க அக்கா. ஒரு நம்பரைப் போட்டு ஓட்டிக் காட்டிடுங்க. சென்சார் வந்ததும் எலக்ட்ரீஷியன் மாட்டிடுவார்."

"மாட்டினதும் எனக்குச் சொல்லணும் சார். பொய்யை நான்தான் எடுக்கணும்."

"சொல்லாம இருப்பேனா?"

அறுநூறு என்று போட்டாள். அறுநூறு என்றால் சுத்தமான காற்று. டேம்பர் மூடியே இருக்கும். மணிக்கட்டில் ரப்பர் பேண்டும் ஏறியது. மேனேஜர் கையெழுத்துக்கு நாற்பது தாள்களை உதிரியாகக் கொண்டுவந்து நீட்டினார். எல்லாவற்றிலும் போட்டாள். மேலே காற்றாடி ஓட, தாள்கள் பறந்தன. ஓடிப் பொறுக்கி அடுக்கினாள். அடுக்கியதைக் கட்ட எதையாவது தேடிய கை, தானாகவே மணிக்கட்டுக்குப் போனது. ரப்பர் பேண்டைக் கழற்றித் தாள்களுக்குப் போட்டு, "இந்தாங்க, பறக்காது" என்று கொடுத்தாள்.

பஸ்ஸில் ஏறியதும் வழக்கம்போல் கையைப் பார்த்தாள். வெறுங்கை. நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். மேனேஜர் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழிந்தது. வேறொரு கட்டடத்தில் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் தூங்கும் வேளையில் தங்கை போன் செய்வது வழக்கம். அன்றும் செய்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"அக்கா, நீ போட்ட ரூமு மந்திரம் போட்ட மாதிரி இருக்கு. சில்லுனு இருக்கா, படுக்க வெச்சதும் தூங்கிடுறாங்க. பதினாலு புள்ளைங்க, ஒண்ணும் அழறதில்ல. பகல்ல கண்ணே மூடாத நம்ம குட்டி, அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கிறா."

"பதினாலா? எட்டுப் பேருக்குத்தானே அது?"

"நல்ல ரூமுன்னு எல்லாரையும் இங்கேயே படுக்க வெக்கச் சொல்லிட்டாங்க."

டிகிரி அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அப்போ உனக்கும் தூக்கம்தான்னு சொல்லு" என்றாள்.

"எனக்கு எங்கே? தலைவலிதான். பெயிண்ட் வாடை போல. எழுப்புறதுக்குள்ள உசுரு போகுது அக்கா. உலுக்கி உலுக்கித்தான் எழுப்பணும். குட்டி நேத்து எழுந்ததும் வாந்தி எடுத்தா."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது.

கையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. போனைத் துண்டிக்காமலே, லேப்டாப்பில் இணையம் வழியாகக் காப்பகத்தின் திரையைத் திறந்தாள். தூங்கும் அறை. கரியமில வாயு, அறுநூறு. நேற்றும் அறுநூறு. ராத்திரி பூட்டிக் கிடந்தபோதும், பகலில் பதினாலு பேர் மூச்சுவிட்டபோதும், மூன்று வாரமாக அறுநூறு. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி கோடு. மனுஷர் நடமாடுகிற அறை எதுவும் அப்படிக் கோடு போடாது.

"எவ்வளவு நேரமா படுத்திருக்காங்க?"

"இன்னைக்கு மழைன்னு காலையிலிருந்தே எல்லாரும் இங்கேதான். ஏன்க்கா?"

பொய்யை எடுத்தாள். எலக்ட்ரீஷியன் எப்போதோ சென்சாரை மாட்டிவிட்டிருந்தார் போலும்; பொய் விலகியதும் உண்மை எண் வந்து நின்றது. ஐயாயிரம். அந்த சென்சாருக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது.

"கதவைத் திற."

"சத்தம் வரும், எழுந்துடுவாங்க."

"எழுந்திரிக்கட்டும்டி! திற! எல்லாரையும் வெளியே தூக்கிட்டு வா!"

அக்கா கத்தித் தங்கை கேட்டிருக்கிறாள். இப்படி நடுங்கிக் கேட்டதில்லை. தங்கை போனை எங்கேயோ போட்டுவிட்டு ஓடினாள். கதவு திறக்கும் ஓசை. காலடி. "எழுந்திரு, எழுந்திரு கண்ணு." யாரும் அழவில்லை. டிகிரி அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒரு பிள்ளையாவது அழ வேண்டுமே என்று வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டினாள்.

ஒரு பிள்ளை சிணுங்கியது. பின்னால் இன்னொன்று வீறிட்டது. மற்ற ஆயாக்களின் குரல்களும் கலந்தன. யாரோ எண்ணினார்கள். பதினொண்ணு, பன்னிரண்டு, பதிமூணு. அப்புறம் எண்ணிக்கை நகரவில்லை. கன்னத்தில் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. "குட்டி. குட்டிம்மா. அம்மாவைப் பாரு." மறுபடி தட்டினாள். மறுபடியும்.

வெகுநேரம் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது. குட்டி இருமினாள். பிறகு ஈனமாக ஓர் அழுகை.

தங்கை போனை எடுத்தபோது அவளும் அழுதுகொண்டிருந்தாள். "டாக்டருக்குச் சொல்லியாச்சு அக்கா. முழிச்சிட்டா, முழிச்சிட்டா. என்ன ஆச்சு அந்த ரூமுக்கு? யாரு இப்படி விட்டுட்டுப் போனது? யாருன்னு கண்டுபிடி, சும்மா விடாதே."

சைட் மேனேஜரைச் சொல்லியிருக்கலாம். எலக்ட்ரீஷியனைச் சொல்லியிருக்கலாம். இருவர் மேலும் தப்பு இல்லாமலும் இல்லை.

"நான்தான்" என்றாள்.

பிள்ளைகளின் அழுகைக்கு நடுவே தங்கையின் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"நேத்து வாந்தி எடுத்தப்பவே எனக்கு பயமா இருந்துச்சு அக்கா. நீ பார்த்துக் கொடுத்த ரூமாச்சேன்னுதான் இன்னைக்கும் படுக்க வெச்சேன்."