இரண்டு தென்னங்குருத்துக்காக எழுபத்தொரு கிலோமீட்டர்

மதிப்பிற்குரிய வாசகப் பெருமக்களுக்கும், கெடா மாநிலத்தின் கத்தோலிக்கப் பங்கு ஆலயங்களில் திருவழிபாட்டுப் பணியாற்றும் சகோதர சகோதரிகளுக்கும் என் பணிவான வணக்கம். குருத்து ஞாயிறன்று மாலையே வெளியிடுவதாக இவ்வலைப்பூவில் வாக்களித்திருந்த பயணக் குறிப்பை மூன்று நாள் தாமதித்து, புனித வாரத்தின் புதன்கிழமை பதிவிடுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். அதற்கான காரணம் கட்டுரையின் முடிவில் தானாகவே விளங்கும்.

முதலில் பயணத்தின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்கில் தமிழ், மாண்டரின், ஆங்கிலம் ஆகிய மும்மொழியினரும் ஒரே பீடத்தைச் சுற்றிக் கூடுகிறோம். புனித வாரத்தின் கூட்டு வழிபாடுகளை ஆயத்தம் செய்யும் பொறுப்பு ஆண்டுதோறும் மூன்று குழுக்களுக்கும் பிரித்தளிக்கப்படும். குருத்து ஞாயிறு இதுவரை தமிழ்க் குழுவிடம் வந்ததில்லை. இவ்வாண்டு வந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவள் நான். திருவழிபாட்டு ஒழுங்குகளை நானே வாசித்துக் கற்று, இன்று ஒரு குழுவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆண்டவருடைய பாடுகளின் வாசகத்தை மும்மொழியினருக்கும் பங்கிட்டேன். பவனியின் வழியை வரைந்தேன். மன்றாட்டுகளை எழுதிப் பங்குத்தந்தையின் ஒப்புதல் பெற்றேன். ஆறு கூட்டங்கள் நடந்தன. ஆறுக்கும் நேரத்தில் சென்றேன்.

மூன்றாம் கூட்டத்தில்தான் சிக்கல் எழுந்தது. தென்னை மரங்கள் அருகிவிட்டன, ஆதலால் பிளாஸ்டிக் ஓலைகள் வாங்கிவிடலாம் என்று மும்மொழிக் கூட்டத்தின் தலைவர் முன்மொழிந்தார். நான் எழுந்து நின்றேன். சாம்பல் புதனன்று நெற்றியில் இடும் சாம்பல், சென்ற ஆண்டின் குருத்தோலைகளை எரித்துப் பெறுவது. பிளாஸ்டிக்கை எரித்து எதை நெற்றியில் இடுவோம் என்று வினவினேன். குருத்து முழுவதும் தமிழ்க் குழுவின் பொறுப்பு, வேறெவரும் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லி அமர்ந்தேன். இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். தலைவர் இணங்கினார். ஆயினும் முன்னெச்சரிக்கையாக ஒரு பெட்டி பிளாஸ்டிக் ஓலை வாங்கிப் பீடத்தின் பின்னறையில் வைத்துவிட்டார். ஒவ்வோர் ஒத்திகையின்போதும் அந்தப் பெட்டியைக் கடந்துதான் நான் போக வேண்டியிருந்தது. அது பிரிக்கப்பட்டால், தமிழ்க் குழுவுக்கு இப்பொறுப்பு மீண்டும் எப்போது வரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

சனிக்கிழமை காலை 7.15க்குப் பாக்கார் ஆராங்கிலுள்ள என் வீட்டிலிருந்து புறப்பட்டேன். கார் மாரியினுடையது. எங்கள் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக வாடகைக்கு ஓட்டுபவர். அரை நாளுக்குப் பெட்ரோலோடு 120 வெள்ளி பேசினோம். பீடோங்குக்கு மட்டும் போகிறவர்களுக்குப் பேருந்தே போதும்; ஆனால் திரும்பும்போது பன்னிரண்டு அடிக் குருத்தோடு பேருந்தில் ஏற முடியாது என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

பீடோங் 14 கிலோமீட்டர். 7.45க்குச் சந்தையை அடைந்தோம். அங்கே இளநீர் விற்பவரிடம் மூன்று வாரத்திற்கு முன்பே மூன்று குருத்துகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு குருத்தில் ஏறத்தாழ இருநூறு ஓலைகள் இருக்கும். எங்கள் பங்கின் நானூற்று இருபது பேருக்கு மூன்று தாராளம். என்னைக் கண்டதும் அவர் கத்தியைக் கீழே வைத்தார். அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது.

"அக்கா, வியாழக்கிழமையே கோயில் ஆளுங்க லாரியோட வந்துட்டாங்க. நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருந்திச்சு. ஆனா உத்திரத்துக்கு ஓலை இல்லன்னு எந்த வாயால சொல்றது?"

பங்குனி உத்திரம் முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. சுங்கைப் பட்டாணி முதல் பீடோங் வரை, முருகன் கோவில் உள்ள ஊரெங்கும் தோரணங்கள். என் சமையலறைச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் அது சிவப்பெழுத்தில் அச்சாகியிருக்கிறது. உயிர்ப்புப் பெருவிழா முழுநிலவைப் பின்பற்றி வருவது. பங்குனி உத்திரமும் முழுநிலவை ஒட்டியே வருவது. ஆகவே இரண்டும் பல ஆண்டுகளில் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும். இதை இரண்டாம் கூட்டத்தில் குழுவினருக்குக் கால் மணி நேரம் விளக்கியவளே நான்தான். விளக்கியவள் மரத்தைப் பற்றி யோசிக்கவில்லை. இளநீர்க்காரர் மீது கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, அவர் வற்புறுத்திக் கொடுத்த இரண்டு இளநீரைக் குடித்தோம். காசு வாங்க மறுத்துவிட்டார்.

வெட்டிய மரத்தில் அடுத்த குருத்து எழ ஒரு மாதம்வரை ஆகும் என்றார். பாடாங் செராய்ப் பக்கம் விசாரித்துப் பார்க்கும்படியும் சொன்னார். 8.20க்குப் புறப்பட்டோம். 33 கிலோமீட்டர். இருபுறமும் எண்ணெய்க்குப் பயிரிடும் செம்பனை, எல்லையே இல்லாத செம்பனை. மாரிக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"சுத்திப் பாருங்கக்கா. பனையில்லாத எடமே இல்ல. எறங்கி ஒண்ண இழுத்துட்டு வந்தா முடிஞ்சிச்சி லா. சாமி என்ன, தேங்காயா செம்பனையான்னு மோந்தா பாக்கப் போறாரு?"

செம்பனை மட்டையில் முள் இருப்பதையும், அது தோட்ட நிர்வாகத்தின் உடைமை என்பதையும், அனுமதியின்றி வெட்டியதைக் கையிலேந்தி ஆண்டவரை வரவேற்பது முறையாகாது என்பதையும் அவருக்கு எடுத்துரைத்தேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பொட்டிதான்" என்றார். பெட்டியைப் பற்றி அவரிடம் சொன்னதற்காக வருந்தினேன்.

9.10க்குப் பாடாங் செராய். கோவில் வாசலில் முந்தைய நாளின் தோரணங்கள் ஓரம் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தன. கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மையாரிடம் கேட்டேன். ஊரில் ஒரு குருத்தும் மிச்சமில்லை என்றார். பிறகு சற்றுத் தயங்கி, நாலு கிலோமீட்டர் தள்ளி, தோட்டத்துப் பழைய வீடுகளில் லெட்சுமி என்பவரிடம் மூன்று மரம் உண்டு, அவற்றை யாரையும் தொட விடவில்லை, ஏனென்றால் அடுத்த ஞாயிறு மகளுக்குக் கல்யாணம் என்றார். கேட்கலாமா கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் மாரி காரைத் திருப்பிவிட்டார்.

அந்த நாலு கிலோமீட்டரில் பாதி செம்மண் பாதை. மழை பெய்திருந்தால் சிறிய கார்கள் தவிர்க்க வேண்டும். லெட்சுமி வீட்டு முற்றத்தில் பந்தல்கால் ஏற்கெனவே நட்டிருந்தார்கள். அவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். நான் யார், எதற்காக வந்திருக்கிறேன், எங்கள் வழிபாட்டில் குருத்தோலைக்குரிய இடம் என்ன என்பதை முறைப்படி எடுத்துச் சொன்னேன்.

"டீச்சருங்களா நீங்க?" என்றார்.

இல்லை, ஆறாம் வகுப்பு என்றேன்.

"நானும் ஆறுதான். ஆனா எனக்கு இப்படிப் பேச வராது." பிறகு மரங்களை அண்ணாந்து பார்த்தார். "வாசலுக்கு ஒண்ணு. மணவறைக்கு ஒண்ணு. கூடக்கொறைய வந்தா கைக்கு ஒண்ணு. மூணையும் கணக்கு பண்ணித்தான் வச்சிருக்கேன்."

மணப்பெண் கவிதா உள்ளிருந்து வந்தாள். பந்தல்காரரே பிளாஸ்டிக் தோரணம் கொண்டுவருவார், தனக்கு அதுவே போதும், இவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். பிளாஸ்டிக் என்ற சொல் எங்கள் இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. லெட்சுமி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"கல்யாண வீட்டுக்கு பிளாஸ்டிக்காம்," என்றார் மகளைப் பார்த்து. "ஒன் மாப்பிள்ளையையும் பிளாஸ்டிக்குலயே வாங்கியிருக்கலாம்."

நான் விடைபெற எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இருங்கக்கா. ரெண்டு தர்றேன். சாமிக்குன்னு கேட்டு வந்தவங்களத் திருப்பி அனுப்பிட்டு, அந்த ஓலையையே என் வாசல்ல கட்டுனா, போறப்ப வர்றப்பல்லாம் எனக்குத்தான் உறுத்தும். ஆனா ஒண்ணு. சனிக்கெழம தோரணம் பின்ன எனக்கு ஆள் இல்ல. இந்த வீட்டுப் புள்ளைங்களுக்குப் போன் தேய்க்க மட்டும்தான் தெரியும். நீங்க ஆளோட வர்றீங்களா?"

வருகிறேன் என்றேன். வரும்போது இரண்டு குருத்துகளையும் கொண்டுவந்து ஈடுசெய்கிறேன் என்றும் சொன்னேன். எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அவருடைய கணவர் ஆறுமுகம் தோட்டத்தில் செம்பனைக் குலை அறுப்பவர். அதற்குரிய நீண்ட கம்பின் முனையில் கட்டிய அரிவாளால், மரம் ஏறாமலேயே, ஒவ்வோர் இழுப்பில் ஒன்றாக இரண்டு குருத்துகளை இறக்கினார். அவற்றின் பச்சை வாசனையை வர்ணிக்க எனக்குச் சொல் போதவில்லை. ஒவ்வொன்றையும் நடுவில் இரண்டாக வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பின்கண்ணாடியிலிருந்து முன்கண்ணாடிவரை காரில் நீட்டி வைத்தோம். லெட்சுமி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. சோறு, கருவாட்டுக் குழம்பு, பயற்றங்காய்ப் பொரியல். நான் தவக்கால ஒறுத்தலில் இருக்கிறேன் என்றதும், கருவாட்டை மாரியின் தட்டுக்கு மாற்றிவிட்டு எனக்கு ரசம் ஊற்றினார்.

12.40க்குப் புறப்பட்டோம். செம்மண் பாதையைத் தாண்டியதும் மாரி மெல்லக் கேட்டார்: "அக்கா, அடுத்த சனிக்கெழம உங்களுக்குப் பெரிய சனி இல்ல?"

ஆம். பாஸ்கா திருவிழிப்பு, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவு வழிபாடு. நெருப்பு, பெரிய மெழுகுதிரி, நீர், வாசகங்கள், திருமுழுக்கு. ஆண்டு முழுவதிலும் எங்கள் குழுவுக்கு அதைவிட வேலை மிகுந்த நாள் கிடையாது. வாக்குக் கொடுக்கும்போது அது எனக்கு நினைவில் இல்லை.

20 கிலோமீட்டர் கடந்து 1.15க்கு வீடு. மொத்தம் 71. மாலை நாலு மணிக்குக் குழுவினர் கூடி ஓலைகளைத் தனித்தனியே கிழித்தெடுத்தோம். இரண்டு குருத்துகளில் நானூற்றுப் பன்னிரண்டு ஓலைகள். மீதி எட்டுப் பேருக்கு அகலமானவற்றை இரண்டாகப் பிளந்தோம். அன்று மாலையே பங்குத்தந்தையிடம் ஒப்புதல் பெற்று, திருமணத்திற்கு ஆயத்தமாகும் இல்லங்களுக்காக ஒரு மன்றாட்டை அச்சிட்ட தாளின் அடியில் பேனாவால் சேர்த்தேன்.

ஞாயிறு காலை 8.30க்குப் பவனி எழுந்தது. நானூற்று இருபது கைகளில் வெளிர்மஞ்சள் ஓலை. பாடுகளின் வாசகத்தில் மாண்டரின் பகுதியை வாசித்தவர் லிம் அங்கிள். ஆறு கூட்டங்களிலும் என் இடப்புற நாற்காலியில் அமர்ந்திருந்தவர். திருப்பலி முடிந்ததும் கையிலிருந்த ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எங்கே கிடைத்தது என்று மலாயில் கேட்டார். பீடோங், பாடாங் செராய், தோட்டம் என்று முழுவதும் சொன்னேன். அவர் வீட்டுப் பின்புறம் குட்டைத் தென்னை நாலு நிற்கிறதாம், ஏணி வைத்தாலே எட்டுமாம். அவர் வீடும் பாக்கார் ஆராங்தான். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. நான் அன்று மாலையே நடந்து பார்த்தேன், முந்நூறு மீட்டர்கூட இல்லை.

"கெனாப்பா தா தான்யா?" என்றார். ஏன் கேட்கவில்லை என்று.

பிறகு அவரே சிரித்துக்கொண்டு, நீங்கள்தானே வேறெவரும் கவலைப்பட வேண்டாம் என்றீர்கள், அதனால் நான் கவலைப்படவில்லை என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. நான் சொன்னதைத்தான் மரியாதையோடு பின்பற்றியிருந்தார். நன்றாகத் தமிழ் எழுதத் தெரிந்த நான், குருத்து வேண்டும் என்ற அறிவிப்பைத் தமிழில் மட்டுமே எழுதி ஒட்டியிருந்தேன்.

ஆகவே இதே பணிக்குப் புறப்படும் பிற பங்கினருக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைப் பணிவோடு சொல்கிறேன். தவக்காலத் தொடக்கத்திலேயே தமிழ் நாள்காட்டியைத் திறந்து உத்திரம் எந்த நாள் என்று பாருங்கள். அருகருகே வருமானால், கோவில் தோரணம் கட்டுபவரிடம் முதலில் போய்ப் பேசுங்கள். கேட்பதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் வெட்ட வேண்டாம். வெட்டியதை ஈரச் சாக்கில் நிழலில் வையுங்கள், குளிர்பெட்டியில் வேண்டாம், ஓரம் கறுத்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்கள் சொந்தக் கூட்டத்தில், இடப்புற நாற்காலியில் இருப்பவரைக் கேளுங்கள்.

ஆனால் நான் அவரைக் கேட்டிருந்தால் லெட்சுமியின் முற்றத்தில் அமர்ந்து ரசம் சாப்பிட்டிருக்க மாட்டேன். அந்த எழுபத்தொரு கிலோமீட்டரில் ஒன்றைக்கூட நான் திருப்பிக் கொடுக்கத் தயாராக இல்லை. பின்னறையிலுள்ள பெட்டியின் ஒட்டுநாடா இன்னும் கிழிக்கப்படவில்லை என்பதையும் நன்றியோடு தெரிவிக்கிறேன்.

இனி தாமதத்திற்கான காரணம். திங்கள் முதல் இன்றுவரை ஒரு வேனுக்கும் ஆறு பேருக்கும் அலைந்துகொண்டிருந்தேன். வேன் கிடைத்துவிட்டது. பெரிய சனி காலை 6 மணிக்கு லிம் அங்கிள் வீட்டில் இரண்டு குருத்துகள் இறக்கப்படும். அவரே ஏணி பிடிக்கிறார், மாரி வெட்டுகிறார். 6.45க்கு வேன் ஆலய வளாகத்திலிருந்து புறப்படும். நண்பகல் 12.30க்குள் திரும்பி, பிற்பகலில் திருவிழிப்புக்கான வேலைகளைத் தொடங்கிவிடலாம். பங்குத்தந்தைக்குத் தெரிவித்துவிட்டேன், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். தோரணம் பின்னத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, லெட்சுமி கற்றுத்தருவார். சிறு கத்தி ஒன்று கொண்டுவாருங்கள். சாப்பாடு அங்கே.

இதுவரை மூவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் மூவர் தேவை. வர இயலுமா இயலாதா என்பதை, இப்பதிவின் கீழே ஒரே வரியில், நாளை வியாழன் மாலை ஐந்து மணிக்குள் எழுதிவிடுங்கள்.