ஆள் இல்லாத வீட்டுப் படங்கள்

இந்த ஊரில் ஒரு வீட்டைப் படமெடுக்க நினைப்பவர், வாசலில் நிற்பவர் நகரும்வரை காத்திருக்கிறார். கனடாவுக்கு வந்த புதிதில் இது எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் முன்னால் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் காமிராவும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத்தான் எடுக்கிறார் போலிருக்கிறது என்று சால்வையைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் சிரித்தும் வைத்தேன். அவர் கையை ஆட்டி ஓரமாகப் போகச் சொன்னார். 'சாரி' என்று வேறு சொன்னார். எங்கள் அரியலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு எதிரே போனைத் தூக்கினால் போதும், உள்ளே இருப்பவர்கள் தலைசீவிக்கொண்டு வெளியே வந்து நிற்பார்கள். ஆள் நின்றால்தான் அது வீட்டுப் படம்.

ஜெயங்கொண்டத்தில் வீடுகளுக்குப் பிளான் போட்டு, கூடவே நின்று கட்டிக்கொடுத்த இன்ஜினியர் நான். இங்கே ரொட்டிக் கம்பெனியில் பாக்கெட் அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலை தேட உதவும் அலுவலகத்தில் லிண்டா என்றொரு பெண், "உன் போர்ட்ஃபோலியோ எங்கே?" என்றாள். செய்த வேலையையெல்லாம் படங்களாகத் தொகுத்துக் காட்ட வேண்டுமாம், சான்றிதழ் மட்டும் போதாதாம். ஊரில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்களே அடுத்த வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். கையில் உருப்படியாக ஒரு படம்கூட இல்லை. இது அமையாவிட்டால் கடைசிவரைக்கும் ரொட்டிப் பாக்கெட்தான்.

என்னோடு வேலை செய்த செல்வராசு மேஸ்திரிக்குப் போன் போட்டேன். பாவம், மனுஷன் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் எடுத்து அனுப்பினார். உடையார்பாளையத்து வீட்டின் முன்னால் மாமியாரும் மருமகளும் ஒரே நிறப் புடவையில் நின்றார்கள். வரதராஜன்பேட்டை வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் வரிசை கட்டியிருந்தது. தா.பழூரில் நான் எங்களுக்கென்றே கட்டிய வீட்டின் முன்னால் அம்மாவும் அப்பாவும். அப்பா வயலிலிருந்து வந்து குளித்து, கல்யாணத்துக்குக் கட்டும் கரைவேட்டியைக் கட்டி, விறைப்பாக நின்றிருந்தார்.

லிண்டா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "இவர்கள் எல்லாரும் உன் உறவினர்களா?"

"ரெண்டு பேர் மட்டும்" என்றேன்.

ஆட்களை எடுத்துவிடு, வேலை மட்டும் தெரியட்டும் என்றாள். அவள் கெட்டவளில்லை. எனக்கு நல்லது செய்யத்தான் சொன்னாள். மறுபடி மேஸ்திரியைக் கூப்பிட்டு, ஆள் இல்லாமல் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

"பூட்டிக்கெடக்குற வூடு மாதிரில்ல இருக்கும், இன்ஜினியரம்மா? அதுவும் அவங்க வூட்டு வாசல்ல நிக்கிறவங்கள தள்ளிப் போங்கன்னு எப்படிங்க சொல்றது?"

போனிலேயே அதற்கு ஒரு வசதி இருக்கிறது. விரலால் தேய்த்தால் ஆள் மறைந்து பின்னால் இருக்கும் சுவர் வந்துவிடும். மாமியார், மருமகள், அண்ணன், தம்பி, வாசலில் தொங்கிய திருஷ்டிப் பூசணி எல்லாவற்றையும் தேய்த்தேன். எங்கள் வீட்டுக்கு வந்ததும் கை ஓடவில்லை. இதை மட்டும் விட்டுவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். ஆனால் நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல வீடு. அப்பாவைத் தேய்த்தேன், பிறகு அம்மாவை. அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வீட்டுப் பிளான் வரையும் சின்ன நிறுவனம். எதிரே உட்கார்ந்திருந்த அம்மையார் படங்களை ரசித்துத்தான் பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் அழகாக இருக்கிறது. ஏன் இன்னும் யாரும் குடிவரவில்லை? விற்கவில்லையா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள்" என்றேன்.

அவர் எங்கள் வீட்டு மாடியைக் காட்டினார். "இந்த ஜன்னல் மட்டும் சாத்தியிருக்கிறதே?"

"அது என் அறை."

"ஓ, நீ அங்கேதான் வசிக்கிறாயா?"

"இல்லை, இங்கே."

"அப்படியென்றால் கெஸ்ட் ரூம்" என்று அவர் இயல்பாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

வேலை கிடைத்தது. ஊருக்குப் போன் பண்ணினேன். அப்பா வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"படத்துல நாங்க நல்லா வுழுந்திருந்தமா பாப்பா? அவங்க பாத்தாங்களா?"

"பாத்தாங்கப்பா."

"என்னா சொன்னாங்க?"

"யாருன்னு கேட்டாங்க. எங்கப்பா அம்மான்னு சொன்னேன்."

அவர் அதை அம்மாவிடம் சத்தமாகச் சொல்வது கேட்டது. அந்த மாதிரி சந்தோஷத்தை அவர் குரலில் நான் கேட்டு நாளாகிறது. அம்மா போனை வாங்கி, "எப்ப வர? ஒன் ரூம கூட்டித் தொடச்சுத்தான் வச்சிருக்கேன்" என்றாள். லீவு கிடைக்கட்டும் என்றேன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு என் பொய் சின்னதாகத் தெரியலாம். இங்கே என்னைப் போல் இருப்பவர்களுக்கு அதன் கனம் தெரியும். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இப்போது என் பெயருக்கு மேல் அந்தத் தா.பழூர் வீடு இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. அப்பாவையும் அம்மாவையும் அங்கிருந்து எடுக்க நான் மெனக்கெட வேண்டியிருந்தது. என்னை அங்கிருந்து எடுக்க யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரி எடுத்த படத்திலேயே நான் இல்லை.