செம்மறியின் ஈரலில் சேர்ந்த செம்பு

எங்க சித்திக்குப் பால் வியாபாரம். நாலு மாடு, ஒரு சைக்கிள், எட்டுத் தெருவுக்குக் கேட்கிற தொண்டை. மாட்டுக் கொட்டகையிலேயே அக்கா தம்பியாக இரண்டு செம்மறிகளும் இருந்தன. அக்கா பேர் சீமாட்டி, தம்பி பேர் குண்டன். குட்டியிலிருந்தே மாடுகளோடு வளர்ந்ததால் இரண்டும் தங்களை மாடு என்றே நம்பின. சித்தியும் அப்படித்தான் நடத்தினாள். தாது உப்பு கலந்த மாட்டுத் தீவனத்தில் ஆளுக்கு இரண்டு கை தினமும் இவர்கள் சட்டிக்கும் போகும்.

"ஆட்டுக்குப் புல்லு போதாதா?" என்று சித்தப்பா ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான்!

"ஏன், நீங்க திங்கிறப்போ நான் அளந்தா போட்டேன்?"

மனுஷன் அப்புறம் தானே சட்டியை எடுத்துக்கொண்டு தீவனம் அள்ளப் போனார்.

போன மாதம் ஒரு தெருநாய் சீமாட்டியைத் துரத்தியது. கடிக்கவில்லை, துரத்தியதோடு சரி. மறுநாள் அவள் தீனி எடுக்கவில்லை. கண்ணெல்லாம் மஞ்சள், மூத்திரம் கறுஞ்சிவப்பு. கால்நடை டாக்டரம்மா வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கன்னங்கரேலென்று இருந்தது.

"என்னம்மா தீனி குடுத்தீங்க?"

"மாட்டுக்கு என்னவோ அதேதான் டாக்டரம்மா. ஒரு குறையும் வைக்கல."

டாக்டரம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தத் தாது உப்புல செம்பு இருக்கும்மா. மாட்டுக்கு அது வேணும். செம்மறிக்கு ரொம்பக் கொஞ்சம்தான் வேணும், மிச்சத்த வெளிய தள்ளவும் அதுக்குச் சரியா வராது. குடல் வழியா உள்ள போனது ஈரல்லயே சேந்துக்கிட்டு இருக்கும். மாசக்கணக்கா வெளிய ஒண்ணும் தெரியாது. ஒருநாள் பயந்தாலோ, பட்டினி கெடந்தாலோ ஈரல் தாங்காம மொத்தத்தையும் ரத்தத்துல விட்டுடும். ரத்தத்துல செவப்பு அணுவெல்லாம் உடஞ்சு போயிடும், அதான் கண்ணு மஞ்சளாச்சு, மூத்திரம் கறுத்துச்சு."

சித்தி குண்டனைப் பார்த்தாள். "இவன் நல்லாத்தானே இருக்கான்?"

"அவளும் முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானே இருந்தா?"

குண்டன் ரத்தத்தைச் சோதித்ததில் அவன் ஈரலும் தத்தளிப்பது தெரிந்தது. செம்பைக் கட்டி வெளியேற்ற ஒரு மருந்து கொடுத்தார்கள். மாட்டுத் தீவனம் வாயில் படக் கூடாது, புல்லும் வைக்கோலும் மட்டும். துரத்தக் கூடாது, வண்டியில் ஏற்றக் கூடாது, சத்தம் போட்டு மிரட்டக் கூடாது.

சித்தி வீட்டில் சத்தம் போடக் கூடாதாம்! தெருவே அரண்டு போனது. சித்தியும் சித்தப்பாவும் காதோடு காதாகச் சண்டை போட்டார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருக்கிறதே என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்தாள். வாளி விழுந்தால் சித்தப்பா பாய்ந்து பிடித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சித்திதான் சிரிக்கவே இல்லை. தினமும் விடிந்ததும் அவன் கண்ணிமையை விலக்கி மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பாள்.

நேற்று மறு சோதனை. "பொழச்சுக்குவான்," என்றார் டாக்டரம்மா. "ஆனா ஆயுசுக்கும் மாட்டுத் தீவனம் கெடையாது."

சாயங்காலம் மாடுகளுக்குத் தீவனம் வைத்ததும் குண்டன் கத்திக்கொண்டு ஓடிவந்து சித்தி புடவையை முட்டினான். அவள் அவனை இழுத்துக்கொண்டுபோய் மூலையில் உட்கார்ந்தாள். மாடுகள் தின்று முடிக்கும்வரை அவன் கழுத்தை விடவே இல்லை.

"எவ்ளோ வேணா கத்துடா, தர மாட்டேன்," என்றாள். கண்ணீர் கொட்டியது. "ஆசையா ஊட்டி ஊட்டியே உங்கக்காவக் கொன்னுட்டேன். நீ என்மேல கோவமாவே இரு. உயிரோட இருந்தாப் போதும்."