வெயில் புள்ளி விழாத வீடு

பர்மாவில், ஆற்றங்கரை ஊரான டாலாவில் எங்கள் வீட்டுக்கு மழைக்காலத்தில் உள்ளே, வெளியே என்ற வித்தியாசம் கிடையாது. ஓலைக்கூரை, மூங்கில் தட்டிச் சுவர். தங்கைக்கோ இளைப்பு. ஈரம் ஏறினால் அவள் மூச்சு விசில் அடிக்கும். அம்மா அவளை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சொட்டாத இடம் தேடி மூலை மூலையாக நகர்வாள்.

அந்த வருடம் மழைக்கு முன் ஒரு திட்டம் வந்தது. கஷ்டப்படும் வீடுகளாகப் பார்த்துத் தகரக் கூரை போட்டு, சூடு இறங்காமலிருக்க அடியில் வெள்ளித்தாள் விரித்து, சுவர் இடுக்குகளைப் பலகையால் அடைத்துத் தருவார்களாம். சைக்கா என்கிற மூன்று சக்கர ஆள்வண்டி மிதிக்கும் அப்பா, "இந்த மழைக்காச்சும் புள்ள நிம்மதியாத் தூங்கும்" என்றார்.

அம்மாவுக்கு வீட்டுக்கு யார் வந்தாலும் விருந்தாளிதான். வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் பலகைத் தரையைத் தேய்த்துக் கழுவினாள். ஒழுகலுக்கு வைக்கும் சட்டிகளைக் கட்டிலடியில் தள்ளினாள். வருகிறவர்கள் தலையில் ஓலைத்தூசி கொட்டக் கூடாதென்று, தன் சிவப்புக் கல்யாணப் புடவையைக் கோயில் மேற்கட்டி மாதிரி கூரைக்கு அடியில் கட்டினாள். ஓட்டை வழியே தரையில் எப்போதும் விழும் வெயில் புள்ளிகள் அன்று ஒன்றுகூட இல்லை.

எல்லோரும் சயாமா என்று மரியாதையாக அழைத்த ஒரு பெண்ணும், உடன் ஓர் இளைஞரும் வந்தார்கள். அம்மா, அந்த ஊரில் விருந்தாளிகளுக்குத் தின்னக் கொடுக்கும் ஊறவைத்த தேயிலையும் வறுத்த கடலையும் தட்டில் வைத்தாள். வீடு ஒழுகுமா என்று சயாமா பர்மியத்தில் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே, குறை ஒன்றும் இல்லை, ஏதோ இருக்கிறோம் என்றாள். வீடு மிக அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அங்கே சட்டிகள் நடுவீட்டிலேயே கிடந்தன.

சாயங்காலம் அப்பா கேட்டார்: "ஒழுகுதான்னு கேட்டாங்கல்ல?"

"வந்தவங்ககிட்ட எடுத்ததுமே குறையைச் சொல்றதா?" என்றாள் அம்மா. பிறகுதான் அவள் முகம் மாறியது.

தகரம் பக்கத்து வீட்டுக்கு ஏறியது. அந்த வீட்டுப் பெரியவரின் இருமல் அந்த மழைக்காலத்தில் நின்றேபோனது. தங்கையை நாங்கள் படகில் ஏற்றி அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தாள், ஆனால் இன்றும் மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுகிறாள். அம்மாவை நான் நொந்துகொண்டதில்லை. அந்தப் புடவையை ஒரு விரலால் விலக்கிப் பார்க்காத இரண்டு பேர் மேல்தான் எனக்கு இன்னமும் ஆத்திரம். இல்லாதவர்கள் இல்லாமையைப் பரப்பிக் காட்டினால்தான் கண்ணில் படும் போலிருக்கிறது.

மழை விடும்வரை புடவை கூரையடியிலேயே சாயம் ஒழுகத் தொங்கியது. அம்மா அதை அவிழ்க்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அப்போது விவரம் புரியாத நானோ அந்த மழைக்காலம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்: பக்கத்து வீடு ஃபெயில், அதனால் கூரையை மாற்ற வேண்டியதாயிற்று, எங்கள் வீடு பாஸ்.