சாக்பீஸ் கோடு

உதட்டில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே தைப்பதால் அவளுக்குக் குண்டூசியக்கா என்று பேர். வாயைத் திறந்தால் ஊசி விழும் என்று சாக்குச் சொல்லி, ஊர்க்கதை பேசாமல் தப்பித்துக்கொள்கிற கெட்டிக்காரி. அவள் பேசாத கதைகளில் முதலாவது, செத்துப்போன புருஷனுடையது.

அவனுக்கு ஒரு கால் ஊனம். குடித்துவிட்டு அந்தக் காலை இழுத்து இழுத்து மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டாலே அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். அப்போது அவள் பிள்ளைத்தாய்ச்சி. வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு, "கவனம், கவனம்" என்று முணுமுணுப்பாள். பிள்ளை பிறக்கும் முன்பே அவன் போய்ச் சேர்ந்தான். விட்டது சனி என்று மூச்சு விட்டாள். அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை.

இப்போது மகள் இரண்டாம் வகுப்பு.

"பாடத்துல கவனமே இல்லைங்க. வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கா. இப்படியே போனா அடுத்த வருஷம் இங்க வச்சுக்க முடியாது," என்றார் டீச்சர். மகளைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

கர்ப்பகாலத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "மரபணுவைத் துணின்னு வச்சுக்குங்க. அதுமேல சாக்பீஸ் கோடு மாதிரி அடையாளங்கள் இருக்கும். துணி மாறாது, எங்க வெட்டணும்னு கோடு சொல்லும். வயித்துல இருக்கும்போது அம்மா பட்ட பயம் அப்படிக் கோடு போடலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. இவளுக்கு அதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

"கோடு அழியுமா?"

"அழியலாம். வீட்டுல பயமில்லாம இருக்கட்டும்."

பயமுறுத்தியவன்தான் மண்ணுக்குள் போய்விட்டானே. எப்போதும் போட்டே வைத்திருந்த தாழ்ப்பாளை அன்று சாயங்காலம் முதல்முறையாக நீக்கிக் கதவை விரியத் திறந்து வைத்தாள். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னாள். பிள்ளை ஒரு பக்கம் முழுக்கத் தடுமாறாமல் வாசித்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த பக்கத்தில், பாதி வரியில் குரல் நின்றது. மகளின் தலை படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

"என்னடி?"

"ஒரு காலை இழுத்துட்டு வருதும்மா."

டாக்டரம்மாவிடம்கூட அவள் பயத்தைச் சொன்னாளே தவிர, காலைப் பற்றி மூச்சு விடவில்லை. எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். படிகள் வெறுமையாகக் கிடந்தன.

திரும்பியபோது மகள் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். கவனமே இல்லை என்று டீச்சர் சொன்ன அந்தப் பிள்ளை, படிக்கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அம்மாவின் வயிற்றைத் தன் சின்னக் கையால் மூடினாள்.

"கவனம்," என்றாள் மெதுவாக. "கவனம்."