பாலம் வழியாக வந்த எதிரி

முகாமில் எல்லோரும் அவரை 'எதிரி' என்றுதான் கூப்பிட்டார்கள். பயிற்சிக்கு வரும் படைவீரர்களுக்கு எதிரியாக நடிப்பதுதான் அவர் வேலை. கையில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, அவர்கள் காக்கும் கட்டடத்தைப் பிடிக்க வேண்டும். நடிப்பு என்பதெல்லாம் பேருக்குத்தான். மனுஷன் உயிரை எடுத்துவிடுவார். கட்டடத்தின் முன்பக்கப் பாலத்தில் காத்திருந்தால் பின்பக்கச் சாக்கடை வழியாக வருவார். சாக்கடையைக் காத்தால் சலவை வண்டியில் அழுக்குத் துணிக்கு அடியில் படுத்து வருவார். ஒருமுறை மழையில் நாளெல்லாம் காக்க வைத்துவிட்டு, இனி வரமாட்டார் என்று அவர்கள் பூட்ஸைக் கழற்றிய நேரத்தில் சாவகாசமாக நடந்து வந்தார்.

"இப்படி வந்தா எப்படிங்க ஜெயிக்கிறது?" என்று ஒருவன் மூக்கால் அழுதான்.

"நிஜ எதிரி சொல்லிட்டா வருவான்? என்கிட்ட எத்தனை தடவை வேணா தோத்துக்கோ. அங்க போய்த் தோத்துடாத."

அவருடைய மாப்பிள்ளையும் அந்தப் பயிற்சிக்குக் குழுத் தலைவனாக வந்தான். மாமனாரிடம் இரண்டு முறை தோற்றான். இன்னொரு முறை தோற்றால் பதவி உயர்வு கையை விட்டுப் போய்விடும்.

"இந்த ஒரு தடவை மட்டும் பாலம் வழியா வந்துடுங்கப்பா. அவர் சரியாத் தூங்கியே நாளாச்சு," என்றாள் மகள்.

அதிகாரிகளே கேட்டும் மசியாத மனுஷன், மகள் கண் கலங்கியதும் கரைந்துவிட்டார். பாசம் கண்ணை மறைத்தது, வேறென்ன சொல்ல?

சொன்னபடியே பாலம் வழியாக வந்தார். மாப்பிள்ளை அமுக்கிப் பிடித்தான். மொத்தக் குழுவும் பாலத்திலேயே நின்றதையும், பின்பக்கம் காவலுக்கு ஓர் ஆள்கூட இல்லாததையும் அவர் கவனித்தார். மாப்பிள்ளையின் முகத்திலிருந்த பூரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை. மாப்பிள்ளையை எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே சண்டை மூண்டது. மாப்பிள்ளை முன்பக்கத்தை உயிரைக் கொடுத்துக் காத்தான். வந்தவர்கள் பின்பக்கமாக வந்தார்கள். மாப்பிள்ளையின் உடலைக் கொண்டுவந்த அதிகாரி இதை மாமனாரிடம் மட்டும் தனியே சொன்னார்.

எல்லோரும் போன பிறகு மகள் அவர் தோளில் சாய்ந்தாள்.

"போன்ல எப்பவும் அதே பேச்சுதான்ப்பா. மாமாவையே ஜெயிச்சவன், எனக்கு என்ன ஆயிடப்போகுதுன்னு சிரிப்பாரு. அந்த ஒரு சந்தோஷத்தையாவது நாம குடுத்தோம்ல?"

அவர் வெகுநேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"குடுத்தோம்மா," என்றார்.