கயிற்றுக்கு உள்ளே ஓர் இடம்

எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் வரத் தொடங்கியிருந்தன. புதுவாயலில் ஆலைத் தொழிலாளிகள் சேர்ந்து நடத்திய கால்பந்து கிளப்புக்கு நான் செயலாளர். சட்டை கொடுத்த ஆலை மேலாளர், சோடா கொடுத்த டீக்கடைக்காரர் என்று யார் மனமும் கோணாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. வாயும் சும்மா இருக்காது.

அறுவடை முடிந்த ஒரு வயல்தான் மைதானம். வயல்காரர் வருஷா வருஷம் "ஆடிக்குங்கப்பா" என்பார். எல்லைக்கோட்டை ஒட்டிய வேப்பமரத்தடியில் நின்று ஆட்டம் பார்ப்பார். வெளியே வரும் பந்தைக் காலால் நிறுத்திக் கொடுப்பார். அந்த வருஷம் ஐப்பசியில் அவர் இறந்துபோனார். தை கழிந்ததும் அவர் தம்பியைக் கேட்டேன். அவர் தலையாட்டினார்.

முதல் ஆட்டத்துக்குச் சுற்றிலும் கயிறு கட்டி, மேலாளருக்கு மாலை போட்டு, ஜமாய்த்துவிட்டோம்.

அடுத்த வாரம் ஞாயிறு சாயங்காலம் அரையிறுதி. மைதானம் இல்லையென்றால் எதிரணிக்கே வெற்றி. சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் வயல் முழுக்க ஆடுகள். எருவுக்காகக் கிடை போட்டிருந்தார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேராக வயல்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது? நாளைக்கு மேட்ச் வச்சிக்கினு இருக்கோம், ஆட்ட வுட்டுக்கிறீங்க! ஒங்க கொழுந்தனார் சரின்னாரே!"

"அப்ப அவரு நெலத்துல போய் ஆடு. இது எங்கப்பா எனக்குக் குடுத்தது. எங்க ஊட்டுக்காரரே என்னைக் கேட்டுக்கினுதான் ஒங்களுக்குச் சொல்லுவாரு."

அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"போன வாரம் வேப்பமரத்தாண்ட வந்தேன். அவரு நின்ன எடத்துல செத்த நேரம் நிக்கலாம்னு. 'கயித்துக்கு அந்தாண்ட போம்மா'ன்னு வெரட்னியே, நைனா."

ஐயோ! விரட்டியது நானேதான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மேலாளர் மேல் வெயில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த பெரிய மனுஷன் அல்லவா நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்புதாம்மா" என்றேன். ஆட்டத்தைப் பற்றிக் கேட்காமலே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை வயலில் ஆடுகள் இல்லை. அந்த அம்மா துடைப்பத்தோடு நின்றார்.

"புழுக்கையக் கூட்டி ஓரமாக் குமிங்க. ஒண்ணும் வீணாகக் கூடாது."

சாயங்காலம் கயிற்றை வேப்பமரத்துக்குப் பின்னால் தள்ளிக் கட்டினேன். ஒரு நாற்காலியும் போட்டேன்.

"அவரு ஒக்காந்துகினா பாத்தாரு?" என்று நின்றுகொண்டார். கொஞ்சம் பொறுத்து, "இதுல நம்ம ஆளுங்க யாரு?" என்றார்.

"நீலச் சட்டைம்மா."

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். பந்து உருண்டு அவர் காலடியில் வந்து நின்றது. குனிந்து எடுத்தார். முந்தானையால் புழுதியைத் துடைத்தார். கொடுக்காமல் அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நீலச் சட்டைக்காரன் கையை நீட்டியபடி நின்றான். நடுவர் என்னைப் பார்த்தார்.

எல்லோரையும் அதட்டுகிற நான், "இருக்கட்டும்" என்று கையைக் காட்டினேன்.